அல்சூர் சந்தில் ஒரு ஜெர்மன் கார்

"ஹலோ... பின்னாடி எடுங்க!"

"நீங்க எடுங்க!"

"ஏன்... உங்க காருக்கு மட்டும் ரிவர்ஸ் வெக்காமலே அனுப்பிட்டானா கம்பெனிக்காரன்?"

காருக்குள் பாஞ்சாலி கியரைப் பார்த்தாள். இந்தக் காரில் ரிவர்ஸ் போடத் தனக்கு இன்னும் வரவில்லை என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது?

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் அந்தச் சந்து. குடை பிடித்து வருகிறவர் எதிரே ஆள் வந்தால் குடையை மடக்கித்தான் ஆக வேண்டும், அவ்வளவு அகலம். அதற்குள் இந்தப் பக்கம் பளபளவென்று ஒரு வெள்ளி நிறக் கார், அந்தப் பக்கம் நீலப் பிளாஸ்டிக் போர்த்தி டைல்ஸ் ஏற்றிய ஒரு லக்கேஜ் ஆட்டோ. மூக்கும் மூக்கும் உரசாத குறை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டு ஓரமெல்லாம் சொட்டுச் சொட்டாக... யாரோ அழுது முடித்து மூக்கை உறிஞ்சுகிற மாதிரி.

மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணி. அதற்குப் பயந்துதான் பாஞ்சாலி இந்தக் குறுக்கு வழியில் நுழைந்தாள். கார் சொந்தக்காரி மௌரீன் ஆன்ட்டியைக் கண் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டிருக்கிறாள். நேரத்துக்குப் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் ஓட்டிக் காட்டு, பிடித்தால் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ரெண்டாவது நாள். ரெண்டாவது நாளே இப்படியா?

ரெண்டாயிரத்து நாலாம் வருஷத்தில் பெங்களூரில் கார் ஓட்டுகிற பெண்களுக்குக் குறைச்சல் இல்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிறவள்தான் அபூர்வம். பாஞ்சாலி அப்படி ஒருத்தி. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிற பழைய ஆம்னி வேனை வருஷக்கணக்காக ஓட்டினாள். முதலாளி வேனை விற்றார், வேலையும் போனது. இந்த வேலை நிலைத்தால் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அவள் அம்மா சின்னத்தாயி வேண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் மாரியம்மன் படம், வியாழக்கிழமை ஆனால் குழந்தை இயேசு. அம்மாவுக்கு எல்லாச் சாமியும் சொந்தக்கார சாமிதான்.

லக்கேஜ் ஆட்டோக்காரன் இறங்கி வந்தான். சிமெண்ட் படிந்த சட்டை, நெற்றியில் ஒட்டின ஈர முடி. கார்க் கண்ணாடிக்கு ஓரமாகக் குனிந்தான்.

எந்த ஆட்டோக்காரரைப் பார்த்தாலும் "அண்ணா" என்று கூப்பிட்டுப் பழகின வாய் அவளுக்கு. அன்றைக்கு என்னவோ... அந்த வார்த்தை வரவில்லை.

'நேராப் போகணும்னு லைட்டப் போட்டுக் காட்டுவோம்' என்று வலது பக்கக் குச்சியைத் தட்டினாள். அவள் ஓட்டின வேனில் லைட்டும் இண்டிகேட்டரும் வலது பக்கம்தான். இந்த ஜெர்மன் காரில் எல்லாம் இடம் மாறி இருக்கும், வலது பக்கம் வைப்பர் என்பது ஞாபகத்தில் இருந்தது... கைக்கு ஞாபகம் இல்லை.

சரக்! சரக்! வைப்பர் வீசின வீச்சில், கண்ணாடி மேல் நின்ற மழைத் தண்ணி மொத்தமும் அவன் மூஞ்சியில்.

"அம்மா தாயே..."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சின்னக் கண்ணுதான். ஆனால் கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்கிற கண்ணு. அதைப் பார்த்ததும் இவளுக்குத்தான் கோபம் வந்தது. சரி, எப்படியாவது ரிவர்ஸைப் போட்டுத் தொலைப்போம் என்று கியரை இடது பக்கம் தள்ளி மேலே அழுத்தினாள். கியர்த் தலையில் படம் போட்டிருக்கிறது, 'ஆர்' என்று எழுத்தும் இருக்கிறது, அங்கேதானே தள்ளுகிறேன்?

கார் பின்னால் போகவில்லை. முன்னால் ஒரு ஜாண் குதித்தது.

அவன் துள்ளி விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "ஏங்க... மோதியே தீர்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா" என்றாள் பாஞ்சாலி, தலையை நிமிர்த்தி. "எடுக்கிறீங்களா, இல்லையா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்கிற டிரைவரம்மாவை இந்த ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியுமே... 'பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்!'

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கியர் மேல் நடுங்குகிற அவள் கையைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ஒன்றும் பேசாமல் போய் ஆட்டோவில் ஏறினான். பாரம் ஏற்றின வண்டியை, கழுத்தைத் திருப்பி, சந்து முழுக்கப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். முனையில் ஒதுங்கி நின்று, ராஜாவுக்கு வழிவிடுகிற மாதிரி கையை நீட்டினான்.

தாண்டிப் போகும்போது ஒரே ஒரு பார்வை. அவள் வாய் நன்றி சொல்லவில்லை. கண்ணு சொல்லிவிட்டது, அவளைக் கேட்காமலே...

*

ஏரிக்கரை ஓரம் காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

நேற்று முதல் தடவை கதவைச் சாத்தினபோதே இந்தக் கார் மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது. ஆம்னியின் கதவு தகர டப்பா மாதிரி 'டங்' என்னும். இது 'தொப்'... பீரோ சாத்துகிற மாதிரி. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. குழியில் விழுந்தால் ஆம்னி நம்ம முதுகெலும்பிடம் புகார் சொல்லும். இது தானே வாங்கிக்கொண்டு 'போகலாம் வா' என்கிறது. ஊர்ந்து போகச் சொன்னால் கொஞ்சம் சோம்பேறிதான், ரெண்டாவது கியரில் முனகும். ஆனால் ரோடு கிடைத்து வேகம் ஏறிவிட்டால் தாய் இடுப்பைப் பிடித்த பிள்ளை மாதிரி தரையைப் பிடித்துக்கொள்ளும். "ஜெர்மன் கார்னா பணக்காரங்க மட்டும்தான் வாங்கணுமா? நம்ம பென்ஷனுக்கும் ஒண்ணு செஞ்சிருக்கான் பாரு" என்று மௌரீன் ஆன்ட்டி டீச்சராக இருந்த காலத்துக் குரலில் பெருமையாகச் சொன்னார்கள்.

இவ்வளவு நல்ல கார் என்னை மட்டும் ஏன் சந்தில் மாட்டிவிட்டது?

எரிச்சலில் கியரைப் பிடித்து மேலே இழுத்தாள். தலைக்குக் கீழே ஒரு வளையம்... விரலில் தட்டியது. அதைத் தூக்கினாள். தூக்கினபடியே இடது பக்கம் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. கார் பூப்போல ஓர் அடி பின்னால் போனது.

"அட பாவி... இவ்வளவுதானா!"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தூக்கினால் போதும், விழுந்துவிடும். அதைச் சொல்ல ஒருத்தர் இல்லை. கேட்க இவளுக்கு வாய் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மௌரீன் ஆன்ட்டி குடையோடு நின்றிருந்தார்கள். "என்னம்மா இவ்வளவு லேட்?"

"டிராஃபிக் ஜாம் ஆன்ட்டி."

*

மறுநாள் காலை ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குள் நுழையும்போதே பாத்ரூம் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். பழைய தரையை மாற்றி டைல்ஸ் ஒட்ட ஆள் வரும் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார்கள்.

"கேளுங்க மேடம்... கார்னா கார், வெள்ளித் தட்டு மாதிரி! உள்ள ஒரு பொண்ணு. பாவம், ரிவர்ஸ் போட வரலை. கியர ஆட்டுது, ஆட்டுது... வண்டி முன்னாடி குதிக்குது! ஆனா மூஞ்சி மட்டும் மகாராணி. 'எடுக்கிறீங்களா இல்லையா'ன்னுது. நான் லோடு வண்டிய வெச்சுக்கிட்டு சந்து பூரா பின்னாடியே..."

சாவி எடுக்க வந்த பாஞ்சாலி கதவோரம் கல்லாகி நின்றாள்.

ஆன்ட்டியின் டீக் கப் பாதி வழியில் நின்றது. "எந்தச் சந்து சில்வெஸ்டர்?"

"அல்சூர் கோயில் பின்னாடி மேடம். நேத்து சாயங்..." திரும்பினவன் கதவைப் பார்த்தான். கையிலிருந்த கரண்டியிலிருந்து சிமெண்ட் சொத்தென்று கீழே விழுந்தது.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"டிராஃபிக் ஜாம்னு சொன்னியே பாஞ்சாலி..." ஆன்ட்டியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது. "ரிவர்ஸ் தெரியலங்கறது ஒரு விஷயமே இல்ல. எனக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. பொய் சொல்லலாமா?"

"இப்போ தெரியும் ஆன்ட்டி. நானே கண்டுபிடிச்சிட்டேன்..."

"சனிக்கிழமை என் தம்பி டென்சில் வர்றான். பொம்பளை டிரைவர் வேண்டாம், என் ஆபீஸ் டிரைவரோட தம்பிய வெச்சுக்கோன்னு தினம் போன் பண்றான். அவன் முன்னாடி பின்பக்க ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ்ல விடு. கோடு விழாம விட்டா வேலை உனக்கு. இல்லன்னா நான் அவனுக்குப் பதில் சொல்ல முடியாது மா."

பாஞ்சாலி தலையாட்டினாள். சில்வெஸ்டரைப் பார்க்காமலே சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணில் தண்ணி கட்டிவிட்டது. விழவிடவில்லை.

*

சாயங்காலம் கேட் பக்கத்தில் சில்வெஸ்டர் காத்திருந்தான். கை கால் கழுவி, தலை வாரி, யாரோ மாதிரி இருந்தான்.

"ஏங்க... சத்தியமா உங்க கார்னு தெரியாதுங்க."

"என் கார் இல்ல. ஆன்ட்டி கார்."

"உங்கள கேலி பண்ணலைங்க..."

"ஓஹோ? கியர ஆட்டுது, ஆட்டுதுன்னீங்களே, அது யாரு? கோயில் மணியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "நான் கேலி பண்ணது என்னையங்க. லோடோட நான் யாருக்கும் பின்னாடி எடுத்தவன் இல்ல. லாரிக்காரன் வந்தாலே 'நீ எடுடா'ன்னு நிப்பேன். ஒரு பொண்ணு கை நடுங்கறதப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம சந்து பூரா எடுத்தேன் பாருங்க... அத யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும் போல இருந்துச்சு. ராத்திரியிலேர்ந்து இருந்துச்சு. காலைல சொல்லிட்டேன். சொல்லக்கூடாத இடத்துல சொல்லிட்டேன்."

அவள் மனசுக்குள் ஏதோ ஒரு வளையம் லேசாக மேலே எழும்பியது. பட்டென்று அழுத்திவிட்டாள்.

"சனிக்கிழமை பின்னாடி நின்னு சைகை காட்டட்டுங்களா? ஷெட்டுக்குப் போற வழி ரொம்ப..."

"உங்க உதவி ஒண்ணும் வேணாம். உங்க உதவியிலதான் நான் இந்த நிலைமைல நிக்கிறேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று நினைத்து நினைத்தே கழுத்து வலித்தது.

*

சனிக்கிழமை மறுபடி மழை. தூறல்தான். ஆனால் விடாத தூறல்.

டென்சில் சார் வராண்டாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மௌரீன் ஆன்ட்டி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. பாத்ரூம் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

பாஞ்சாலி வளையத்தைத் தூக்கினாள். கியர் அழகாக விழுந்தது. கார் பின்னால் நகர்ந்தது. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு கார் போகிற வழிதான். பாதி தூரம் வந்துவிட்டாள். 'நல்லா வருதே' என்று ஆன்ட்டி சொல்வது காதில் விழுந்தது.

அப்போதுதான் பார்த்தாள். பின் கண்ணாடி முழுக்கப் பனி மாதிரி ஆவி பிடித்திருந்தது. சைடு கண்ணாடியில் மழைப் பொட்டுகள். பின்னால் ஷெட் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா... ஒன்றும் தெரியவில்லை.

பிரேக்கில் கால் வைத்தாள்.

குத்துமதிப்பாக விட்டுவிடலாமா? ஆம்னியில் எத்தனை தடவை அப்படி விட்டிருக்கிறாள். ஆனால் இந்தக் காரின் இடுப்பு அகலம் இன்னும் அவள் உடம்புக்குப் பழகவில்லை. ஒரு கோடு விழுந்தால் வேலை போச்சு. அம்மாவின் மெழுகுவர்த்தி போச்சு.

சைடு கண்ணாடிப் பொட்டுகளுக்கு நடுவில் ஓர் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. பாத்ரூமின் வெளிப்பக்க வாசலில், மழையில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உதவி வேணாம் என்று சொன்னாளே... வரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

'தெரியல'... அன்றைக்குச் சந்தில் வராத வார்த்தை, ஆஸ்பத்திரி வாசலில் வராத வார்த்தை.

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"சில்வெஸ்டர்... எனக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியல. பாத்துச் சொல்றீங்களா?"

அவன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம்!" என்று காருக்குப் பின்னால் குனிந்து எதையோ இழுத்தான். காலையில் அவனே இறக்கி வைத்த டைல்ஸ் பெட்டிகள், ஷெட் வாசல் ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு. அப்படியே எடுத்திருந்தால் கார் நேராக அதில்தான்...

"வரட்டும்... வரட்டும்..." அவன் குரல் மழைக்குள்ளிருந்து வந்தது. "கொஞ்சம் ரைட் ஒடிங்க... ம்... வரட்டும், வரட்டும்... பயப்படாதீங்க, நான் இருக்கேன்... வரட்டும்..."

அப்புறம் காரின் முதுகில் ரெண்டு தட்டு. தப், தப். நில்லு என்று அர்த்தம். பெங்களூரில் தமிழன், கன்னடன், எவன் வண்டிக்குப் பின்னால் நின்றாலும் அந்தத் தட்டுக்கு ஒரே அர்த்தம்தான்.

கார் ஷெட்டுக்குள் நின்றது. ஒரு கோடு இல்லை.

டென்சில் சார் எழுந்து வந்தார். "என்ன மௌரீன்... பின்னாடி ஒரு ஆள் வெச்சாத்தான் எடுப்பாளா இவ?"

ஆன்ட்டி டைல்ஸ் பெட்டிகளைப் பார்த்தார்கள். காரைப் பார்த்தார்கள். "நீ என் ஃபியட்ட அந்தத் தூண்ல இடிச்சியே டென்சில், அப்போ யாரையாவது கேட்டியா? கேக்கத் தெரிஞ்ச டிரைவர்தான் எனக்கு வேணும். பாஞ்சாலி, உள்ள வந்து தலையத் துவட்டு. திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடு."

பாஞ்சாலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தாள். சில்வெஸ்டர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டான். அவனுக்கும் கண்ணைத் துடைக்க ஓர் இடம் வேண்டியிருந்ததோ என்னவோ...

*

டைல்ஸ் வேலை முடிந்தது. அவன் கணக்கு முடித்துக்கொண்டு போன அன்று பாஞ்சாலி ஆன்ட்டியோடு மார்க்கெட்டில் இருந்தாள். வந்து பார்த்தால் பாத்ரூம் வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. ஆள் இல்லை. போன் நம்பர் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. ஆன்ட்டியிடம் கேட்கலாம்... என்னவென்று கேட்பது?

அடுத்த வாரம் முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. மெயின் ரோடு காய்ந்து தூசி பறந்தது. அப்படியும் ஆன்ட்டியை இறக்கிவிட்டுத் தனியாக வருகிற நேரமெல்லாம் அவள் ஸ்டியரிங் அல்சூர் கோயில் பக்கம் திரும்பியது. கையின் பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் சந்து வெறிச்சென்று கிடந்தது. ஒரு மாடு, ஒரு பூக்காரம்மா, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம்... பாதிச் சந்தில் எதிரே ஒரு லக்கேஜ் ஆட்டோ.

நீலப் பிளாஸ்டிக் இல்லை. டைல்ஸ் இல்லை. காலி வண்டி.

ரெண்டு வண்டியும் நின்றன. மூக்கும் மூக்கும். அவன் உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்தான். இவள் உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்தாள். பூக்காரம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "யாராவது ஒருத்தர் எடுங்கப்பா, சொல்ப... கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

அவன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் எடுக்கப் போனான்.

பாம்... என்று ஒரு ஹாரன் அடித்தாள் பாஞ்சாலி. அவன் நிமிர்ந்தான். வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். வளையத்தைத் தூக்கினாள். "இன்னைக்கு நான் எடுக்கிறேன்."

அவன் குதித்து இறங்கினான். சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"வரட்டும்... வரட்டும்..."

கார் மெல்லப் போனது. பின் கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. எல்லாம் தெரிந்தது... சுவர், ஜன்னல், வாசக்கோலம், பின்னால் நடந்துகொண்டே கையாட்டுகிற அவன். சைகையே தேவை இல்லை. ஆனாலும் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள், அந்தக் குரலுக்காக.

"காலி வண்டிய எடுத்துக்கிட்டு இந்தச் சந்துல என்ன வேலை உங்களுக்கு?" பின்னால் பார்த்தபடியே கத்தினாள்.

"ஒரு வேலையும் இல்லைங்க! தினம் வரேன்... நான் காலைல வரேன் போல, நீங்க சாயங்காலம் வர்றீங்க போல... இன்னைக்குத்தான் நேரத்த மாத்தினேன்! உங்களுக்கு என்ன வேலை? மெயின் ரோட்டுல தண்ணி கூட இல்லையே!"

பாஞ்சாலிக்குக் காது மடல் சுட்டது.

"வரட்டும்... வரட்டும்..."

சந்து முடிந்தது. கார் முனையைத் தாண்டி அகல ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒருத்தர் திட்டிக்கொண்டே வளைந்து போனார். அவன் இன்னும் கையாட்டிக்கொண்டே பின்னால் போகிறான்.

பிரேக்கை மிதித்தாள். "சந்து முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு! ஏன் தட்டலை?"

அவன் அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். மூச்சு வாங்கினான். அதே சின்னக் கண்ணு... இந்தத் தடவை சிரிக்கவில்லை. கெஞ்சியது.

"தட்டினா நின்னுடுவீங்களே..."

பாஞ்சாலி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியல சில்வெஸ்டர்" என்றாள், ரொம்ப மெதுவாக. "இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்களப் பாக்கத்தான் தினம் வரேன். அவ்வளவுதான் தெரியும்."

லாரிக்காரனையே 'நீ எடுடா' என்கிறவன், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வியாழக்கிழமை அம்மாவ உங்க குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிட்டு வரேன். மெழுகுவத்தி பாக்கி இருக்கு" என்றாள். "வாசல்ல நிப்பீங்களா?"

"நிக்கிறேன். காலையிலேர்ந்து நிக்கிறேன்."

"என்ன சொல்லுவீங்க அம்மாகிட்ட?"

அவன் கையை நீட்டி, காரின் தோளில் பூ வைக்கிற மாதிரி மெல்ல ரெண்டு தட்டுத் தட்டினான். தப்... தப்...

"நின்னுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே பாஞ்சாலி இன்ஜினை அணைத்தாள்.